புதுப்பிப்பு: குழு ஒத்திகைப் பதிவைக் கேட்டுத் திருத்தும் வரிசை

முந்தைய பதிவில், ஒத்திகையை ரெக்கார்ட் செய்து முதலில் சுருதி, அப்புறம் தாளம் என்று சரிபார்க்கச் சொல்லியிருந்தேன். வரிசையை மாற்றுங்கள், தாளம்தான் முதலில். ஆளுக்கொரு நேரத்தில் ஸ்வரத்தைத் தொடங்கினால் சுருதி சேர்கிறதா என்பதே காதுக்குப் பிடிபடாது.

மைக்கை மேடையோரத்தில் வைக்காமல் கேட்பவர் உட்காரும் இடத்தில் வையுங்கள். ஒலி 10 மீட்டர் கடக்கச் சுமார் 29 மில்லிவினாடி ஆகும். பின்வரிசை அத்தனை தூரம் தள்ளி நின்று முன்வரிசையைக் கேட்டு வாசித்தால், கேட்பவர்களுக்கு அது இரட்டிப்புத் தாமதமாகப் போய்ச் சேரும். பின்வரிசைக்காரர்கள் இசைக்குழு நடத்துநரின் கையைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

சுருதியில் பெரும்பாலும் கோட்டைவிடுவது மேஜர் கார்டின் (ஆதார ஸ்வரம், மூன்றாவது, ஐந்தாவது மூன்றும் சேர்ந்து ஒலிப்பது) மூன்றாவது ஸ்வரத்தை. சுருதி காட்டும் ட்யூனர் கருவியின் முள் நடுவில் நின்றாலும் கார்டு அலையடிக்கும். அங்கிருந்து ஏறக்குறைய 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு) இறக்கினால்தான் அடங்கும். ஆதார ஸ்வரத்தையும் ஐந்தாவதையும் அசையாமல் நிறுத்திவிட்டு, பிறகு மூன்றாவதைச் சேருங்கள். கூடவே பியானோ இருந்தால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம், அதோடு ஒட்டிப் போவதே நல்லது.

ஒலி கூடும் இடங்களில் வேகமும் தன்னால் ஏறும். அங்கே மட்டும் சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் போட்டு, சத்தத்தை ஏற்றாமல் நாலு முறை வாசித்துப் பாருங்கள்.