மீன் தொட்டி வைக்கப் போறீங்களா, மொதல்ல உங்க ஊரு தண்ணியப் பாருங்க

புள்ளைங்க நச்சரிக்குது, ஒரு மீன் தொட்டி வைக்கலாமான்னு நிறைய பேரு கேட்டிருக்கீங்க. தாராளமா வைங்க. ஆனா மீனு வாங்க கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி வீட்டுத் தண்ணிய ஒரு பக்கெட்ல புடிச்சு ராத்திரி பூரா வச்சுப் பாருங்க. நாங்க இருக்கறது மன்னார்குடி பக்கம், போர் தண்ணி வரும்போது தெளிவாத்தான் வரும், காலையில பாத்தா அடியில துரு கலர்ல படிஞ்சிருக்கும், அதெல்லாம் இரும்பு, காத்து பட்டதும் கீழ எறங்கிடுது. மேல்தண்ணிய மட்டும் மொண்டு ஊத்துவோம். வேதாரண்யத்துல நாத்தனார் வீட்ல அதே போர் தண்ணி வாயில வைக்க முடியாத உப்பு. குழாய்த் தண்ணின்னாக்க குளோரின் இருக்கும், ஒரு நாள் தொறந்து வச்சா போயிடும், இல்லாட்டி கடையில ஆன்ட்டி குளோரின் சொட்டு மருந்து கெடைக்கும்.

இதை ஏன் இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, நம்ம பக்கத்து கடினத் தண்ணிக்கு (சுண்ணாம்புச் சத்து அதிகமா இருக்கற தண்ணி) கப்பி, மோலி, பிளாட்டி மூணும் ஜம்முனு நிக்கும், மோலி கொஞ்சம் உப்பையும் தாங்கும். நியான் டெட்ரா, டிஸ்கஸ்லாம் அந்தச் சத்து கம்மியான மென்மையான தண்ணி மீனு, கலரப் பாத்து மயங்கி வாங்கிட்டு வந்து காச விட்டவங்க எங்க தெருவுலயே உண்டு. கடைக்காரரும் வேணாம்னு சொல்ல மாட்டாரு. சின்ன உருண்டை கிண்ணத்துல கோல்டு ஃபிஷ் குடுக்கறதும் அப்படித்தான், அது வளந்தா ஒரு சாணுக்கு மேல போற மீனு, அந்தக் கிண்ணத்துல திரும்பக்கூட எடம் இருக்காது.

எங்களுது ரெண்டடிக்கு ஒண்ணு ஒண்ணு தொட்டி, கிட்டத்தட்ட 55 லிட்டர். தண்ணி மட்டுமே 55 கிலோ, கண்ணாடியும் கல்லும் தனி, அதனால சிமெண்ட் மேடை மேல வச்சோம், பிளாஸ்டிக் ஸ்டூலு டீப்பாய்லாம் சரிப்படாது. நேர் வெயில் படற ஜன்னலோரமும் வேணாம், பச்சைப் பாசி புடிச்சு உள்ள மீன் இருக்கான்னே தெரியாது.

அப்பறம் அந்த காத்திருக்கற சமாச்சாரம். தொட்டி ரெடி, தண்ணி ரெடி, மோட்டர் ஓடுது, ஆனா மீன் விடக்கூடாதுன்னா எந்தப் புள்ளை கேக்கும்? எங்க மாமனார்தான் பேரன்கிட்ட பொறுமையா சொன்னாரு, மண்ணுல யூரியா போட்டா அது அம்மோனியாவாகி நைட்ரேட்டாகித்தானேடா பயிருக்குப் போவுது, அந்த வேலையப் பாக்கற பூச்சி (பாக்டீரியாவைத்தான் பூச்சிங்கறாரு) தொட்டியிலயும் வளரணும்னு. விவசாயிக்கு இது சட்டுனு புரியுது பாருங்க. மீன் கழிவுல வர்ற அம்மோனியா விஷம், அது நைட்ரைட்டாகி, அதுவும் விஷம், கடைசியா நைட்ரேட்டாகணும், இந்தப் பூச்சி ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் குடியேற நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆவும். அதுவரைக்கும் வெறும் தொட்டியில துளியூண்டு தீனி போட்டு அழுக விட்டோம், அதுல வர்ற அம்மோனியாதான் பூச்சிக்கு இரை. ஸ்பாஞ்சை பைப்புல போட்டு அலசாதீங்க, தொட்டியிலேர்ந்து எடுத்த தண்ணியிலயே பிழிங்க. வாரத்துக்கு கால்வாசித் தண்ணி மாத்தினாப் போதும், "மாசம் ஒருக்கா மொத்தத்தையும் கொட்டிக் கழுவுங்க"ன்னு கடையில சொல்றதக் காதுலயே வாங்காதீங்க.

இனி கஜா புயல் கதை. 2018 நவம்பர் 16 விடியக்காலை அடிச்சதே, அதுக்கு முந்தின ராத்திரியே கரண்ட் போச்சு, அப்பறம் வாரக்கணக்கா வரல. தென்னை எல்லாம் சாஞ்சு கெடக்கு, ஓடு பறந்திருக்கு, இதுல மீனைப் பத்தி யாரு நெனைப்பாங்க, நானும் நெனைக்கல. பையன்தான் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வந்து அம்மா எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்கறான். ஆக்சிஜன் இல்லன்னு அர்த்தம். மாமனார் பித்தளை சொம்பை எடுத்தாரு, தொட்டித் தண்ணியவே மொண்டு ஒரு முழம் ஒசரத்துலேர்ந்து ஊத்துறாரு, நுரை கெளம்பக் கெளம்ப ஊத்தினாரு. அதுக்கப்பறம் வீட்ல முறை வச்சாச்சு, அவரு, நான், வீட்டுக்காரரு, பையன், யாரு அந்தப் பக்கம் போனாலும் பத்து சொம்பு. தீனி அடியோட நிறுத்திட்டோம், வளந்த மீனுக்கு ஒரு வாரம் பட்டினி ஒண்ணும் பண்ணாது, தின்னாத்தான் கழிவு. பாதி மீனை கொல்லையில இருந்த அகலமான சிமெண்ட் தொட்டிக்கு மாத்திட்டோம், பரப்பு அகலமா இருந்தா காத்து நல்லாக் கலக்கும். ஃபைட்டரும் கௌராமியும் அசரவே இல்ல, அதுங்க மேல வந்து காத்தை நேரா முழுங்கற ஜாதி. மோலி ரெண்டு மூணு போச்சு, கப்பி பெரும்பாலும் தப்பிச்சுது. பேட்டரியில ஓடற ஏர் பம்ப் ஒண்ணு இப்ப அலமாரியில எப்பவும் இருக்கு, டெல்டாவுல தொட்டி வைக்கறவங்க ஃபில்டரோட சேத்தே வாங்கிடுங்க.

கப்பி குட்டியப் போட்டதும் தானே தின்னும், அதனால வேலம்பாசி (தண்ணிக்குள்ள வளர்ற செடி) கொஞ்சம் போட்டா குட்டிங்க அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். குளத்துலேர்ந்து எடுத்தா படிகாரத் தண்ணியில ஊறவச்சு அலசிட்டுப் போடுங்க, தும்பிப் புழு வந்துச்சுன்னா குட்டிய ஒண்ணொண்ணா காலி பண்ணிடும். மேட்டூர் தொறந்து வாய்க்கால்ல தண்ணி வந்ததும் பையன் செவப்பா அழகா இருக்குன்னு கூட்டமா போற விரால் குஞ்சைப் புடிச்சுட்டு வந்து நின்னான். மாமனார் பாத்த ஒடனே, அடேய் இது ஆளையே முழுங்கும்டான்னு திரும்ப வாய்க்கால்லயே விட வச்சுட்டாரு.

ஆனா கடையில வாங்கின மீனை வாய்க்கால்லயோ குளத்துலயோ விடாதீங்க, அது வேற கதை. குறிப்பா கண்ணாடியில ஒட்டிக்கிட்டு பாசி திங்கற டேங்க் கிளீனர் மீனு. வாங்கும்போது விரல் நீளம், அப்பறம் ஒரு அடி தாண்டுது, வச்சுக்க முடியாம ஆத்துல போட்டுடறாங்க, அது கரையில வளை தோண்டி முட்டை போட்டுப் பெருகுது, நம்ம கெண்டை கெளுத்திக்குத்தான் கேடு. வேணாம்னா கடையிலயே திருப்பிக் குடுங்க.

மார்கழிக் குளிர்ல ஒடம்பெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வந்தா பத்து லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கல்லுப்பு, ஹீட்டரை மெதுவா 29, 30 டிகிரிக்கு ஏத்துங்க, எங்களுக்கு அதுலயே சரியாப் போச்சு.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புப் போர் தண்ணியிலயே தொட்டி ஓட்டறவங்க இருந்தா எந்த மீனு நிக்குதுன்னு எழுதுங்க, நாத்தனார் புள்ளைங்க தெனம் போன் போட்டுக் கேக்குதுங்க.