கருவியில் 'டி' விழுந்தால் போதுமா? ஊர் தாண்டி வரும் திருத்த சிக்னலும் நம் கைக்கருவி ஜிபிஎஸ்ஸும்

சிட்னியிலிருந்து, திரியைத் தொடங்கியவர்:

வணக்கம். நில அளவை, மலையேற்றம், கடல் என்று பல துறைகளில் கைக்கருவி பிடித்தவர்கள் இங்கே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

திருத்த சிக்னல் என்றால், தரை நிலையங்கள் கணக்கிடும் ஜிபிஎஸ் பிழைத் திருத்தத்தை வேறொரு சாட்டிலைட் வழியாக நம் கருவிக்கு அனுப்புவது. 2009இல் ஒரு கைக்கருவி வாங்கினேன். மெனுவில் திருத்த சிக்னலுக்கான அமைப்பை ஆன் செய்து, வானம் மறைக்காத இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் திரையில் 42, 50 என்று இரண்டு எண்கள் புதிதாக வரும். பிறகு மற்ற சாட்டிலைட் பட்டைகளில், திருத்தம் கிடைத்துவிட்டது என்று காட்டும் 'டி' என்ற எழுத்து ஒவ்வொன்றாக விழும். கருவி சொல்லும் துல்லியம் 6 மீட்டரிலிருந்து 4க்கு இறங்கும். எனக்கு அன்று பெரிய சந்தோஷம்.

அந்த இரண்டும் எம்சாஸ் என்ற ஜப்பானியத் திருத்த அமைப்புக்கான சாட்டிலைட்டுகள். விமானங்களுக்காக 2007 செப்டம்பரில் சேவைக்கு வந்தது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 140, 145 பாகை கிழக்கில் நின்றதால் ஆஸ்திரேலியாவுக்கும் சிக்னல் நன்றாகவே கிடைத்தது. கான்பெராவிலும் அவர்களுக்கு ஒரு நிலையம் உண்டு என்று படித்ததும் என் நம்பிக்கை கூடிவிட்டது.

2012இல் சோதித்துப் பார்த்தேன். வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் நில அளவைத் துறை பதித்த பித்தளைக் குறி ஒன்று இருக்கிறது. அதன் ஆயத்தொலைவுகள் பொதுவில் கிடைக்கும். இரண்டு வாரம், காலையும் மாலையும், அரை மணி நேரம் ஆனில், அரை மணி நேரம் ஆஃபில். நம்பிச் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. சில நாள் ஆனில் வைத்தபோதுதான் புள்ளிகள் அதிகம் சிதறின. அப்போதும் திரையில் துல்லியம் 4 மீட்டர் என்றே இருந்தது!

அதன்பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இந்தச் சிக்னலில் இரண்டு வகைத் திருத்தம் வருகிறது. ஒன்று, ஜிபிஎஸ் சாட்டிலைட்டின் பாதையிலும் கடிகாரத்திலும் உள்ள பிழைக்கானது. அது எங்கே நின்றாலும் ஓரளவு பொருந்தும், ஆனால் அந்தச் சாட்டிலைட்டை அவர்களுடைய தரை நிலையங்களும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் தெற்கு வானத்தில் தாழ்வாக நிற்பது, அவர்களுடைய பெரும்பாலான நிலையங்கள் இருக்கும் ஜப்பானிலிருந்து தெரியாது. இன்னொன்று, பெரும்பிழையான அயனிமண்டலத் தாமதத்துக்கானது, அதாவது வளிமண்டலத்தின் உயரத்தில் உள்ள மின்னேற்ற அடுக்கைக் கடக்கும்போது சிக்னல் தாமதமாவதற்கானது. 350 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வலையைக் கற்பனை செய்து, 5 பாகைக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் தாமதத்தைக் கணக்கிட்டு அனுப்புகிறார்கள். அந்த வலை ஜப்பானைச் சுற்றியது. சிட்னிக்கு மேலே புள்ளியே இல்லை. சாட்டிலைட்டின் ஒளிக்கற்றை பூமியில் மூன்றில் ஒரு பங்கு வரை விழும். அதற்காக அந்தப் பரப்பு முழுவதும் சேவைப் பகுதி ஆகிவிடாது. இதில் ஜப்பான்காரர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, அவர்கள் எனக்காக அதை அனுப்பவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆன், ஆஃப் எதுவானாலும் என் சராசரிப் புள்ளி வடகிழக்குப் பக்கமாக ஒரு மீட்டருக்குச் சற்று மேல் தள்ளியே விழுந்தது. கருவியைத்தான் சந்தேகப்பட்டேன். காரணம் கண்டமே நகர்வது! ஆஸ்திரேலியத் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நகர்கிறது. அந்தக் குறியின் எண்கள் 1994 நிலவரப்படி எழுதியவை. 2020க்கான புதிய எண்கள் வந்தபோது வித்தியாசம் 1.8 மீட்டர். சோதனை செய்கிறவர்கள் முதலில் இதைச் சரிபாருங்கள்.

வெளியூர் சிக்னலால் உங்களில் யாருக்காவது உண்மையிலேயே பலன் கிடைத்ததா?

கோயம்புத்தூரிலிருந்து:

என் அனுபவம் ஒரு வரிதான். 2007இல் மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கருவியை வாஸ் (அமெரிக்கத் திருத்த சிக்னல்) ஆனில் வைத்தே ஊரெல்லாம் சுற்றினேன். ஒரு 'டி'கூட விழவில்லை, பேட்டரிதான் சீக்கிரம் தீர்ந்தது.

மலேசியாவின் கிள்ளானிலிருந்து:

அண்ணே, நான் செம்பனைத் தோட்டத்தில் எல்லை நடப்பவன். இங்கிருந்து பார்த்தால் இந்தியாவின் திருத்த அமைப்பான ககனின் சாட்டிலைட் நன்றாக மேலேதான் நிற்கிறது. சிக்னல் பிடிக்கும், சில பட்டைகளில் 'டி' வரும், வந்த வேகத்தில் போகும். ஆனால் மட்டைக்கு அடியில் நிற்கும்போது சிக்னல் மோதித் திரும்பி வருவதாலேயே 8, 10 மீட்டர் தள்ளிவிடும். அந்தப் பிழை என் தலைக்கு மேலே நடப்பது, எந்த நாட்டுத் திருத்தமும் அதைத் தொடாது. தோட்டச் சாலையில் வெட்டவெளிக்கு வந்து பத்து நிமிடம் சராசரி எடுப்பதுதான் எனக்குக் கைகொடுக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து:

அண்ணாச்சி, எங்களுக்கு ககன் சொந்த வீட்டுச் சிக்னல். 15 தரை நிலையங்களில் ஒன்று பக்கத்திலேயே திருவனந்தபுரத்தில் இருக்கிறது. குளத்துக் கரை, மடை, உபரிநீர் வழியும் மறுகால் எல்லாம் குறித்து வைக்கிற வேலையில் பகல் நேரத்தில் திரையில் ககனின் 40, 41 வந்துவிட்டால் புள்ளிகள் நெருங்கி விழுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வீட்டுக்குள்ளும் ஒரு சிக்கல் உண்டு. பூமியின் காந்தப்புலத்துக்கான நடுக்கோடு எங்கள் பக்கமாகத்தான் போகிறது. பொழுது சாய்ந்தபின், முக்கியமாக மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், அயனிமண்டலத்தில் குமிழிகள் கிளம்பிச் சிக்னல் படபடக்கும். 2015 மார்ச்சில் ஒருநாள் இரவு எட்டு மணிக்கு மறுகாலில் நின்றேன்; அசையாமல் வைத்திருந்த கருவியில் புள்ளி கரையைத் தாண்டித் தண்ணீருக்குள் போய்வந்தது. 5 பாகைக்கு ஒரு புள்ளி என்ற வலைக்கு இவ்வளவு சின்னக் குமிழி அகப்படாது. அமெரிக்க வானத்துக்கு எழுதிய கணக்கு இங்கே போதாமல் இஸ்ரோ தனி மாதிரியே எழுத வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து, அளக்கிற வேலையைச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் முடித்துவிடுகிறேன்.

சிட்னியிலிருந்து, மீண்டும்:

நெல்லை நண்பர் சொன்ன இரவுக் கதை எனக்குப் புதிது, நன்றி.

2022 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து சவுத்பான் என்று சொந்தமாகவே திருத்த சிக்னல் சேவை தொடங்கினார்கள். அடுத்த கோடையில் புதுக் கருவியோடு அதே பூங்காவுக்குப் போனேன். பித்தளைக் குறியைப் புல் மூடியிருந்தது, கையால் விலக்கித்தான் கண்டுபிடித்தேன். இந்த முறை 2020 எண்களோடு ஒப்பிட்டேன். ஆனில் எடுத்த புள்ளிகள் ஆஃபில் எடுத்தவற்றைவிட நெருங்கி விழுந்தன, ஏழு நாளில் ஆறு நாள். பழைய கருவியை அருகிலேயே வைத்து ஒரு மாதம் பார்க்கப் போகிறேன். எண்களை இங்கேயே போடுகிறேன்.