ஸ்டீல் பெயரா, ஹீட் ட்ரீட்மென்ட்டா: கத்தி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பட்டறைக்காரன்
எந்தக் கத்தி வாங்கலாம் என்று யார் கேட்டாலும் உடனே எம்390, எஸ்30வி, மேக்னாகட் என்று விலை உயர்ந்த ஸ்டீல்களின் பட்டியல் வந்து விழுகிறது. ஹீட் ட்ரீட்மென்ட் (உலையில் சூடேற்றி, குளிரவைத்து, பதப்படுத்துவது) எப்படி, எத்தனை எச்ஆர்சி (ராக்வெல் கடின எண்) என்று ஒருவரும் கேட்பதில்லை. என் கட்சி இதுதான்: பாதிக்கு மேல் வேலை உலையில்தான் நடக்கிறது.

420எச்சி என்ற ஸ்டீலைப் பாருங்கள். கார்பன் 0.45% அளவுதான், குரோமியம் 13%. விலை மலிவு, மதிப்பும் குறைவு. அமெரிக்காவில் பக் நிறுவனம் இதையே பால் பாஸ் என்ற ஹீட் ட்ரீட்மென்ட் நிபுணர் வகுத்த முறையில் சூடேற்றி, உறைநிலைக்கு வெகு கீழே குளிரவைத்து, மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்தி 58 எச்ஆர்சிக்குக் கொண்டுவருகிறது. இதே ஸ்டீலை 54-லேயே விட்டுவிட்டால் கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மடங்கும்.

வனேடியம்_வாசகி
அண்ணா, 58 வரை ஏறும் என்பது சரி. அதற்கு மேல் ஏறாதே, அதற்கு என்ன செய்வீர்கள்? அந்த அளவு கார்பனில் உலைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் 59-ஐத் தாண்டுவது கஷ்டம்.

கடினம் மட்டும் கணக்கில்லை. எஸ்30வியில் 4% வனேடியம் என்ற உலோகம் இருக்கிறது. அது கார்பனோடு சேர்ந்து உருவாகும் கடினத் துணுக்கான வனேடியம் கார்பைடு, விக்கர்ஸ் என்ற கடின அளவில் சுமார் 2800. குரோமியம் கார்பைடு 1500 பக்கம். சாதாரணக் கார்பன் ஸ்டீலில் இருக்கும் இரும்புக் கார்பைடான சிமென்டைட் 1000 சொச்சம். அட்டைப்பெட்டி, கயிறு மாதிரி தேய்க்கும் பொருளை வெட்டும்போது தாங்குவது இந்தக் கார்பைடுகள்தான். இல்லாத வனேடியத்தை எந்த உலையும் உண்டாக்காது.

பட்டறைக்காரன்
உண்டாக்காது, ஒத்துக்கொள்கிறேன். இருக்கிறதைக் கெடுக்க உலைக்கு ஐந்து நிமிடம் போதும் என்பதுதான் என் கவலை.

பேரிங் செய்கிற 52100 ஸ்டீலில் துண்டு ஒன்றைச் சரியான சூட்டில் எண்ணெயில் முக்கி எடுங்கள். உடனே அரத்தை வைத்து இழுத்தால் பிடிக்காமல் வழுக்கும். இன்னொரு துண்டைக் கண்மதிப்பில் அதிகம் காய்ச்சி முக்குங்கள். அதிலும் அரம் வழுக்கும்! இரண்டையும் வைஸில் பிடித்து உடைத்தால்தான் குட்டு வெளிப்படும். சரியானது சாம்பல் நிறத்தில், கண்ணுக்குத் துகளே தெரியாமல் உடையும். சூடு தாண்டியது ரவை மாதிரி பொரபொரவென்று மின்னும். அந்தக் கத்தியின் வாய் கொஞ்ச நாளில் பல் விழும். ஸ்டீல் ஒன்று, பில்லும் ஒன்று.

வனேடியம்_வாசகி
நல்ல சோதனை. ஆனால் எம்390 வாங்குகிறவர், கொல்லர் கண்மதிப்பில் காய்ச்சியதை வாங்குவதில்லை. கட்டுப்படுத்திய உலையில், ஸ்டீல் தயாரிப்பாளர் கொடுத்த அட்டவணைப்படி செய்கிறார்கள்.

பட்டறைக்காரன்
அட்டவணை எல்லோரிடமும் இருக்கிறது தங்கச்சி. எஸ்30வி 60, 61 வரை நன்றாகத் தாங்கும். 58-ல் நிறுத்தி விற்றால் அது யார் குற்றம்?

வனேடியம்_வாசகி
குற்றம்தான். ஆனால் அதே 58-ல் நிற்கும் எஸ்30வியையும் 58-ல் நிற்கும் உங்கள் 420எச்சியையும் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் இருக்கும் கேட்ரா ஆய்வு நிறுவனத்தின் இயந்திரத்தில் வைத்துப் பாருங்கள். சிலிக்கா கலந்த அட்டையைத் திரும்பத் திரும்ப அறுத்து, மொத்தம் எவ்வளவு வெட்டியது என்று அளக்கும் சோதனை அது. எஸ்30வி தெளிவாக முந்தும். கடினம் ஒன்றே என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்
கார்பைடிலிருந்துதான் வந்தது. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் சிலிக்கா அட்டையை அறுப்பதில்லை, கருவேல மரம் வெட்டுகிறார்கள். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்த அருவாளை ஓங்கி வீசலாம். எம்390-ல் அருவாள் செய்து வீசினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

வனேடியம்_வாசகி
தெரியும், வாய் உடைந்து வரும். அப்படியென்றால் பட்டையை எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள்? 0.6% பக்கத்தில் கார்பன், பெரிய கார்பைடு இல்லை, அதனால் அடி தாங்கும். அதுவும் ஸ்டீல் தேர்வுதானே அண்ணா! உலைக்குப் போகும் முன்பே பாதி முடிவு எடுத்துவிட்டீர்கள்.

அடுக்களை_ஆள்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேருமே கோணத்தை விட்டுவிட்டீர்கள். அதே கத்தியில் வாயின் கோணத்தைப் பக்கத்துக்கு 20 டிகிரியிலிருந்து 15-க்குக் குறைத்தாலே கேட்ராவில் வெட்டும் அளவு நன்றாகக் கூடும். சமையலுக்கு இது போதும்.

அப்புறம் சாணை. தண்ணீர் இல்லாத வேகச் சக்கரத்தில் வைத்துத் தீப்பொறி பறக்கத் தேய்க்கிறார்களே, கார்பன் ஸ்டீல் கத்தி என்றால் வாயோரம் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நீலம் என்றால் 300 டிகிரி பக்கம் சூடு ஏறிவிட்டது. 200 டிகிரியில் பதப்படுத்திய கத்திக்கு அந்த இடத்தில் பதம் போய்விட்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நிறம் இன்னும் அதிகச் சூட்டில்தான் காட்டும், அதனால் அதை நம்ப வேண்டாம்.

பட்டறைக்காரன்
இந்தச் சாணை விஷயத்தைத் தனி இழையாகவே போடலாம். என் பேச்சுக்கு வருகிறேன். வாங்குகிறவர் எச்ஆர்சி எண்ணைக் கேட்டால் மட்டும் போதாது. அதிகச் சூட்டில் காய்ச்சித் துகள் பெருத்த கத்தியையும், பிறகு பதப்படுத்தும் சூட்டைக் கூட்டி, 60-ல் கொண்டுவந்து நிறுத்தலாம். எண் ஒன்று, உறுதி வேறு.

வனேடியம்_வாசகி
இதற்காகத்தான் நான் ஸ்டீல் பெயரைப் பிடித்துக்கொள்கிறேன். உலையில் நடந்ததை வாங்குகிறவர் கண்டுபிடிக்க வழியில்லை. கலவையையாவது எக்ஸ்ஆர்எஃப் கருவியை (எக்ஸ்-கதிரால் உலோகக் கலவையைக் காட்டுவது) வைத்து நிமிடத்தில் சரிபார்க்கலாம். டி2 ஸ்டீல் என்று சொல்லி விற்றதில் 12% அளவு குரோமியம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பட்டறைக்காரன்
கையில் பிடிக்கும் அந்தக் கருவிக்குக் கார்பன் தெரியாதே! கத்திக்கு உயிரே கார்பன்தான். பித்தளைக் கம்பி ஒன்று வாங்குங்கள், கால் அங்குலம் தடிமன். தீட்டிய வாயை அதன்மேல் சாய்த்து லேசாக அழுத்தி நகர்த்துங்கள். வாய் வளைந்து திரும்பி வந்தால் பதம் சரி. வளைந்தே நின்றால் பதம் மென்மை, துண்டு உதிர்ந்தால் அளவுக்கு மீறிய கடினம்.

வனேடியம்_வாசகி
மெல்லிய வாய்க்கு இது சரி. தடித்த அருவாள் வாய் எந்தப் பதத்திலும் வளையாதே, அதை எப்படிச் சோதிப்பீர்கள்?