மேடையில பாட்டு உடைஞ்சா நிப்பாட்டாமல் எடுக்கிறது எப்பிடி?

முல்லைமெட்டு:
வணக்கம். வைகாசிப் பொங்கல் காலத்துக்கு முள்ளியவளை, வற்றாப்பளைப் பக்கம் இரவு இசை நிகழ்ச்சிகளுக்கு ஆயத்தப்படுத்துறம். எட்டுப் பேர்: கீபோட் ரெண்டு, பேஸ் கிற்றார், லீட் கிற்றார், ஒக்டபாட் (தடியால அடிக்கிற மின்தாளப் பெட்டி), தபேலா, பாட ரெண்டு பேர். ஒத்திகையில பிழை வந்தா நிப்பாட்டிப்போட்டுத் திரும்பத் தொடங்கலாம். கோயில் வீதியில சனத்துக்கு முன்னால அது சரிவராது. இடையிசை முடிய முந்திப் பாடுறவர் எடுத்திட்டா ஆர் ஆருக்குப் பின்னால போறது? சுருதி மாறித் தொடங்கினா? கரண்ட் ஒருக்கா விழுந்து கீபோட் நிண்டா? அனுபவமுள்ள ஆக்கள் விவரமாச் சொல்லுங்கோ.

தாளக்கட்டு:
இடையிசையில முந்தி எடுக்கிறதுதான் ஆகக் கூட நடக்கிற பிழை, அதை மட்டும் சொல்லுறன்.

எட்டு பார் இடையிசை (ஒரு பார் எண்டா நாலு அடி). ஏழாவது பாரில மூண்டாம் அடியிலேயே பாடகி சரணத்தை எடுத்திட்டா எண்டு வையுங்கோ. கீபோட் அவவோட தாவும். பேஸ் பழைய கணக்கில நிக்கும். ஒக்டபாட் நடுவில தடுமாறும். இப்ப மேடையில மூண்டு சமம் (பாரின்ர முதல் அடி) ஓடுது. பாடகி விட்டது ஒரு பிழை, மற்றவை அதைத் திருத்த வெளிக்கிட்டு விட்டது ரெண்டு. சனத்துக்குக் கேக்கிறது பிந்தின ரெண்டும்தான்.

ஆகவே முதலே பேசி வையுங்கோ: பாடுறவர் ஒருநாளும் திரும்பி வரமாட்டார், மற்ற எல்லாரும் அவரிட்டப் போறது. போறதுக்கு வழி காட்டுறது தாளக்காரர் ஒராள் மட்டும். அவர் அந்தப் பாரை நாலு அடியில முடிக்காமல் ரெண்டு அடியில வெட்டி, புதுச் சமத்தில கிராஷை (பெரிய சிம்பல் சத்தம்) ஓங்கி அடிக்கோணும். பேஸ் அந்த அடியில மூலச்சுரத்தைப் போடோணும். மிச்சப்பேர் அந்தக் கிராஷ் கேக்கும்வரை கையை எடுத்திட்டு நிண்டாப் போதும். ஒரு பார் சும்மா நிக்கிற கிற்றாரை ஒருத்தரும் கவனிக்கமாட்டினம், பிழையான கொட் (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம்) அடிச்சா எல்லாருக்கும் கேக்கும்.

இதில ஒரு பொறி இருக்கு. எல்லாப் பாட்டும் சமத்தில எடுக்கிறதில்லை. அரை அடி தள்ளி எடுக்கிற பாட்டில பாடகியின்ர முதல் எழுத்தில கிராஷ் விழுந்தா சரணம் முழுக்க அரை அடி பிசகி ஓடும், அதைப் பிறகு ஒருத்தராலயும் சரிக்கட்ட ஏலாது. முதல் எழுத்தைப் பாக்காமல் வரியில அழுத்தம் விழுற எழுத்தைப் பிடியுங்கோ. தாளக்காரர் தன்ர பாட்டுத் தாளில ஒவ்வொரு சரணத்திலயும் அந்த எழுத்துக்குக் கீழ கோடு போட்டு வைச்சிருக்கிறது நல்லது.

ஒக்டபாட்டில லூப் (தானாத் திரும்பத் திரும்ப ஓடுற தாளம்) ஓடவிட்டு மேல கையால அடிக்கிற ஆக்கள் கவனம். பாடகி தாவினாலும் லூப் தாவாது. அதை உடன நிப்பாட்டி, கையால நாலு பார் கொண்டுபோய், பிறகு சமத்தில திரும்பத் தொடங்குங்கோ. லப்டொப்பில இருந்து ட்ராக் (முதலே பதிஞ்ச பின்னணி இசை) ஓடினாலும் இதே கதைதான். பைலைத் தள்ளி இடம் தேட வெளிக்கிடாதேங்கோ. மிக்சரில அந்தச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பேடரை ஒரு பார் நேரத்துக்குள்ள மெல்ல இறக்கிப்போட்டு, அந்தப் பாட்டு முடியும்வரை கையாலயே வாசியுங்கோ.

சுருதிப்பெட்டி:
தாளக்கட்டு சொன்னது தாளத்துக்குச் சரி. சுருதியில எப்பவும் பாடுறவருக்குப் பின்னால போக ஏலாது, எவ்வளவு தூரம் விலகியிருக்கு எண்டதைப் பொறுத்தது.

தொகையறா மாதிரித் தனிக்குரலில தொடங்கிற பாட்டுகளில இது வரும். சுருதி கேக்காமல் எடுத்தவர் டி சுருதியில போகவேண்டியதை ஈ-யில, ரெண்டு அரைச்சுரம் (கீபோட்டில கறுப்பையும் சேத்து ரெண்டு கட்டை) மேல எடுத்திருப்பார். முதல்ல கண்டுபிடிக்கவேண்டியது பேஸ்காரர்: ஒலியைக் குறைச்சுப்போட்டு ஒரு தந்தியில தடவி 'ச' எங்க எண்டு பிடிச்சு, மற்றவைக்கு "ரெண்டு மேல" எண்டு மட்டும் சொல்லோணும். கீபோட் ரெண்டும் ட்ரான்ஸ்போஸில (சுருதியை மாத்திற பட்டன்) கூட்டல் 2. லீட் கிற்றார் ரெண்டு கட்டம் மேல பார் கொட் (ஒரு விரலால எல்லாத் தந்தியையும் அமத்திப் பிடிக்கிறது) பிடிக்கலாம், அல்லது கப்போவை (தந்திகளை அமத்திற கிளிப்) ரெண்டு கட்டம் ஏத்தலாம். பெரும்பாலான கீபோட்டில பிடிச்சுக்கொண்டிருக்கிற சுரம் ட்ரான்ஸ்போஸை அமத்தின உடன மாறாது, அடுத்து அமத்திற கட்டையில இருந்துதான் மாறும். விரலை எடுத்திட்டு பட்டனை அமத்துங்கோ.

ரெண்டு அரைச்சுரம் வரைக்கும் இப்பிடிச் சமாளிக்கலாம். மூண்டு, நாலு எண்டா வேண்டாம், சரணத்தில மேல போற இடத்தில குரல் கிழியும். பல்லவி முதல் வரி முடிய தாளம் மட்டும் நாலு பார் ஓடட்டும். அதுக்குள்ள கீபோட் சரியான சுருதியைத் தெளிவா ஒருக்கா வாசிக்க, பாடுறவர் திரும்ப எடுக்கட்டும். சனம் அதை ஒரு அழகு எண்டுதான் நினைக்கும்.

தனி வாசிக்கேக்க பிழையான சுரம் விழுந்தா: மேஜர் ஸ்கேலுக்கு வெளியில இருக்கிற எந்தச் சுரத்துக்கும் மேலயும் கீழயும் அரைச்சுரத்தில சரியான சுரம் இருக்கு. பதறிக் கையை எடுக்காமல் பக்கத்துக் கட்டைக்கு வழுக்கினா அது கமகம் மாதிரிப் போயிடும். மோசம் என்னெண்டா அந்த இடத்தில முகத்தைச் சுளிக்கிறது. சுரம் கால் செக்கனில போயிடும், முகத்தைத்தான் முன்வரிசை பாத்துக்கொண்டிருக்கும்.

வரி மறந்தா பல்லவி முதல் வரிக்குப் போங்கோ. ஏதோ சொல்லுப் போட்டு நிரப்பாதேங்கோ, எங்கட சனத்துக்குப் பாட்டு உங்களை விட நல்லாத் தெரியும். வைகாசியில சோளகம் அடிக்கும், வரித்தாளை ரெண்டு பக்கமும் உடுப்புக் கிளிப் போட்டுப் பிடியுங்கோ. போனைப் பாத்துப் பாடுறதெண்டா பிளைட் மோட், திரை தானா அணையாமலும் போட்டு விடுங்கோ.

மிக்சர்மூலை:
கரண்ட் விஷயத்துக்கு வாறன், வீதி நிகழ்ச்சியில பாதிப் பிழை வாசிக்கிற ஆக்களின்ரயே இல்லை.

ஜெனரேற்றரில லைட்டும் அம்பும் (ஒலிபெருக்கியை ஓட்டுற பெட்டி) ஒண்டாத் தொங்கிக்கொண்டிருக்கும். ஆரோ பெரிய லைட் வரிசையைப் போட, வோல்டேஜ் ஒரு செக்கன் கீழ போகும். அம்ப் தாங்கும், கீபோட் நிண்டு திரும்பத் தொடங்கும். கரண்ட் வந்தாலும் வில்லங்கம் முடியாது. பல மொடல்களில திரும்பத் தொடங்கேக்க ட்ரான்ஸ்போஸ் பூச்சியத்துக்குப் போயிடும், வொய்ஸும் (தெரிஞ்செடுத்த வாத்தியச் சத்தம்) பியானோவுக்கு வந்திடும். வாசிக்கிறவர் பழைய நினைவில கையை வைப்பார், முழுக் குழுவும் ஒரு சுருதியில, அவர் வேறொண்டில. ஆகவே ஒழுங்கு இதுதான்: முதல் வொல்யூமைப் பூச்சியத்துக்கு இறக்கு, தொடங்கும்வரை பொறு, வொய்ஸ், ட்ரான்ஸ்போஸ், பிறகு வொல்யூம். ரெஜிஸ்ட்ரேஷன் மெமரி இருக்கிற கீபோட் எண்டா பாட்டுக்கொரு இலக்கத்தில இதெல்லாத்தையும் சேமிச்சு வையுங்கோ, ஒரு பட்டனோட எல்லாம் வரும். அதுவரைக்கும் லீட் கிற்றார் கொட் பிடிக்க, பேஸும் தாளமும் பல்லவியைச் சுத்தட்டும்.

650 விஏ யூபிஎஸ் (கரண்ட் விழுந்தாலும் பற்றரியில ஓட்டுற பெட்டி) ஒண்டு காணும். ரெண்டு கீபோட், மிக்சர், வயர்லெஸ் ரிசீவர், அவ்வளவும் அதில. அம்பை அதில கொழுவாதேங்கோ, பேஸ் அடிக்கிற அடியில யூபிஎஸ் விழுந்திடும். மலிவான யூபிஎஸ் பற்றரியில ஓடேக்க சில அடப்டரில இரைச்சல் வரும், வீட்டில பிளக்கைக் கழட்டி ஒருக்கா சோதிச்சுப் பாருங்கோ.

மைக்: வயர்லெஸுக்கு ஒவ்வொரு இரவும் புதுப் பற்றரி. அதோட வயர் மைக் ஒண்டு ஸ்டாண்டில, அதே ஈகியூவோட (குரல் சத்தத்தின்ர அமைப்பு), மியூட்டில (சத்தம் நிப்பாட்டி) காத்திருக்கோணும். மைக் கூவத் தொடங்கினா மெயினை (சனத்துக்குப் போற சத்தம்) இறக்காதேங்கோ, அந்த மைக் மொனிற்றருக்குப் (மேடையில ஆக்கள் தங்கட வாசிப்பைக் கேக்கிற பெட்டி) போற அளவை இறக்குங்கோ. பாடுறவர் மைக் தலையைக் கையால பொத்திப் பிடிச்சிருக்கிறாரோ எண்டும் பாருங்கோ. பொத்தினா பின்பக்கச் சத்தத்தைத் தள்ளுற துவாரங்கள் அடைபட்டு எல்லாப் பக்கமும் இழுக்கும், அதால கூவும்.

இன்னொண்டு. தாளம் இழுபடுது எண்டு ஒக்டபாட்காரரைப் பேசுறதுக்கு முன்னம் அவருக்கு மொனிற்றர் இருக்கோ பாருங்கோ. சத்தம் ஒரு மீற்றர் போக கிட்டத்தட்ட 3 மில்லிசெக்கன் எடுக்கும். 10 மீற்றர் தள்ளி நிக்கிற பெட்டியில கீபோட்டைக் கேட்டு அடிக்கிறவர் 30 மில்லிசெக்கன் பிந்தித்தான் கேக்கிறார். அவர் அதுக்குச் சேர, கீபோட் இவருக்குச் சேர, பாட்டு மெல்ல மெல்லக் கீழ போகும்.

முல்லைமெட்டு:
எல்லாருக்கும் நன்றி. ரெண்டு கேள்வி. இதையெல்லாம் ஒத்திகையில எப்பிடிப் பழகிறது? தபேலா நடுச்சாமத்துக்குப் பிறகு இறங்குதே, அதுக்கு என்ன செய்யிறது?

தாளக்கட்டு:
பழகிறது லேசு. ஒவ்வொரு ஒத்திகையிலயும் கடைசிப் பத்து நிமிசம் ஒதுக்குங்கோ. தலைவர் ஒராளின்ர காதில மட்டும் ஒரு பிழையைச் சொல்லோணும்: சரணத்தை ஒரு பார் முந்தி எடு, ஒரு அரைச்சுரம் கூட்டித் தொடங்கு, கீபோட்டை நிப்பாட்டு. மற்றவை நாலு பாருக்குள்ள ஒண்டு சேரோணும். நிப்பாட்டிச் சிரிக்கக் கூடாது. கைச்சைகை மூண்டு காணும்: தலையைத் தொட்டா பல்லவி, விரலைச் சுத்தினா அதே இடம் திரும்ப, பொத்தின கை எண்டா முடிப்பு. கூட வைச்சா இருட்டில ஒண்டும் விளங்காது.

தபேலா: பனி இறங்க தோல் ஈரத்தை இழுத்துத் தளரும், சுருதி கீழ வரும். பாட்டுக்கு நடுவில சுத்தியல் எடுக்காதேங்கோ, அந்தப் பாட்டுக்கு ஓரத்தைக் குறைச்சு மத்தியில கூட வாசிக்கலாம். பாட்டுகளுக்கு இடையில வாருக்குள்ள இருக்கிற மரக்கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக் கீழ தட்டுங்கோ, ஒரு பக்கத்தை மட்டும் தட்டிவிட்டா சுத்துவட்டம் ஒத்துவராது. வாசிக்காத நேரம் தடிச்ச துணியால மூடி, மேடைத் தரையில வைக்காமல் கதிரையில வையுங்கோ. மாத்துத் தபேலா இருந்தா அரைச்சுரம் ஏத்திச் சுருதி சேத்து உறையோட வைச்சிருங்கோ. ரெண்டு மணிக்கு வெளியில எடுக்கேக்க அது இறங்கிச் சரியான இடத்துக்கு வந்திருக்கும்.

மிக்சர்மூலை:
மழை பெய்ஞ்சு விட்ட இரவெண்டா ஈசலையும் மறக்காதேங்கோ. வெள்ளை லைட்டை கீபோட்டுக்கு நேர மேல கட்டினா கட்டைகளுக்கு இடையில செட்டை செட்டையாக் கிடக்கும், ரெண்டு கட்டை ஒட்டிக்கொள்ளும். லைட்டை முன்பக்கம் தள்ளிக் கட்டுங்கோ, பெயின்ற் அடிக்கிற சின்னப் பிரஷ் ஒண்டு பையில கிடக்கட்டும்.