உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சட்டம் போட்டு மாற்றலாமா? எல்லை எங்கே இருக்கிறது?

மணிமொழி (கேள்வி):
2014 மே 7 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டைத் தொட்ட இரண்டு தீர்ப்புகள் உச்ச நீதிமன்றத்தில் வந்தன. ஒன்று ஜல்லிக்கட்டுக்குத் தடை. இன்னொன்று முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்பது. ஜல்லிக்கட்டுத் தீர்ப்பை 2017இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்து தமிழ்நாடு தாண்டிவிட்டது. 2023இல் உச்ச நீதிமன்றமே அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் 2006இல் வந்த முல்லைப் பெரியாறு தீர்ப்பைத் தாண்டக் கேரளம் போட்ட சட்டம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. இரண்டுமே சட்டமன்றம் இயற்றியவைதானே? ஒன்று நின்று, ஒன்று விழக் காரணம் என்ன? உச்ச நீதிமன்ற அதிகாரம் எங்கே முடிகிறது என்பதற்குத் தெளிவான அளவுகோல் உண்டா? தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லி அதே நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட்டால் உண்மையில் பயன் இருக்குமா?

கரிகாலன்:
அளவுகோல் உண்டு. 1969இல் பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போது திருத்திய சட்டம் அன்றைக்கே இருந்திருந்தால் நீதிமன்றம் அதே தீர்ப்பைக் கொடுத்திருக்குமா? கொடுத்திருக்காது என்றால், தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த குறையைச் சட்டமன்றம் நீக்கிவிட்டது என்று பொருள். அது செல்லும். அடிப்படையைத் தொடாமல் ‘அந்தத் தீர்ப்பு இனிக் கட்டுப்படுத்தாது’ என்று மட்டும் எழுதினால், சட்டமன்றம் நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்ததாகிவிடும். அது செல்லாது.

ஜல்லிக்கட்டில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். 2014 தீர்ப்பு நின்றது 1960ஆம் ஆண்டின் மத்திய விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் மேல். தமிழ்நாட்டின் 2009 ஜல்லிக்கட்டுச் சட்டம் அதோடு முரண்படுகிறது, ஆகவே முரண்பட்டால் மத்தியச் சட்டமே நிற்கும் என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 254(1) பிரிவின்படி செல்லாது என்றார்கள். 2017இல் தமிழ்நாடு தனிச்சட்டம் எழுதவில்லை. மத்தியச் சட்டத்துக்கே மாநில அளவில் திருத்தம் செய்து, முரண்பட்டாலும் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்தில் நிற்க வழிசெய்யும் 254(2) பிரிவின்கீழ் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் வாங்கியது. விலங்குவதைத் தடுப்பு, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால்தான் இந்த வழி திறந்திருந்தது. கூடவே, காளைகளுக்கு ஏற்படும் வலியையும் துன்பத்தையும் குறைக்க விதிகள் வகுக்கப்பட்டன. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, திருத்தத்தையும் விதிகளையும் சேர்த்துப் படித்து, 2014இல் சுட்டிய குறைகள் நீங்கிவிட்டன என்றது. ஜல்லிக்கட்டு பண்பாட்டின் பகுதியா என்பதில் சட்டமன்றத்தின் கருத்தையே ஏற்றுக்கொண்டது.

முல்லைப் பெரியாற்றில் தீர்ப்பின் அடிப்படை சட்ட வாசகம் அல்ல, ஓர் உண்மை. நிபுணர் அறிக்கைகளைப் பார்த்து ‘அணை பாதுகாப்பாக இருக்கிறது, 142 அடி தேக்கலாம்’ என்று 2006 பிப்ரவரி 27 அன்று நீதிமன்றம் முடிவு செய்தது. சில வாரங்களில் கேரளம் தன் பாசனச் சட்டத்தைத் திருத்தி, அட்டவணையில் அந்த அணைக்கு 136 அடி என்று எழுதிக்கொண்டது. இரண்டு தரப்புக்கு நடுவே விசாரித்துக் கண்ட உண்மையைச் சட்டமன்றம் வேறொரு எண் எழுதி அழிக்க முடியாது. அதனால்தான் விழுந்தது. 1991இல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவைத் தவிர்க்கக் கர்நாடகம் போட்ட அவசரச் சட்டம் விழுந்ததும் ஏறத்தாழ இதே காரணத்தால்தான்.

ஆகவே ஒரு தீர்ப்புக்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்று யாராவது கேட்டால், முதலில் தீர்ப்பை எடுத்து அது எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். சட்டப் பொருள்கோடல் மேல் நின்றால் திருத்தம் வேலை செய்யும். உண்மை பற்றிய முடிவு மேல் நின்றால் செய்யாது. அடிப்படை உரிமையின் மேல் நின்றால் சாதாரணச் சட்டம் போதாது, அரசமைப்புத் திருத்தமே வேண்டும். அந்தத் திருத்தமும் 1973 கேசவானந்த பாரதி தீர்ப்பின் அடிப்படைக் கட்டமைப்புச் சோதனையைத் தாண்ட வேண்டும்; அதாவது அரசமைப்பின் அடித்தளத்தையே அது சிதைக்கக் கூடாது.

யாழினி:
சீராய்வு மனு பற்றி. அரசமைப்புச் சட்டத்தின் 137ஆவது பிரிவு தரும் வழி இது. தீர்ப்பு வந்த 30 நாளுக்குள் போட வேண்டும். இதுவே முதல் சீராய்வு மனு, விதிகள் அனுமதிக்கும் காரணங்களில்தான் போடுகிறோம் என்று பதிவுபெற்ற வழக்கறிஞர் சான்று தர வேண்டும். கூடிய மட்டும் அதே நீதிபதிகளிடம், அவர்களுடைய அறைக்கு ஆவணமாக அனுப்பப்படும். வாய்மொழி வாதம் பொதுவாகக் கிடையாது. மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டும் 2014 முதல் திறந்த நீதிமன்ற விசாரணை உண்டு.

பெரும்பாலான மனுக்கள் தோற்பதற்குக் காரணம் ஒன்றுதான்: ஏற்கெனவே வைத்த வாதத்தையே வேறு சொற்களில் திரும்ப எழுதுகிறார்கள். ஆவணத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிகிற பிழை வேண்டும். நீண்ட விளக்கம் தந்தால்தான் புரியும் பிழை என்றால் அது சீராய்வுக்கு உரியதல்ல.

அதுவும் தள்ளுபடியானால் கடைசி வழி க்யூரேட்டிவ் மனு (குறைதீர் மனு). 2002இல் ரூபா அசோக் ஹுர்ரா வழக்கில் நீதிமன்றமே உருவாக்கிக்கொண்ட வழி இது. மூத்த வழக்கறிஞரின் சான்று வேண்டும். மூன்று மூத்த நீதிபதிகளோடு, பணியில் இருந்தால் பழைய அமர்வினரும் பார்ப்பார்கள். நம் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்தது, நீதிபதி தனக்கிருந்த தொடர்பைச் சொல்லாமல் விட்டார் என்பது போன்ற காரணங்கள் வேண்டும். அரிதாகத்தான் வெல்லும். 2024 ஏப்ரலில் டெல்லி மெட்ரோ வழக்கில் தன் 2021 தீர்ப்பையே நீதிமன்றம் இப்படி ரத்து செய்தது.

நிலவன்:
கரிகாலன் சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ‘எல்லை எழுத்தில் இருக்கிறதா’ என்ற கேள்விக்கு இன்னொரு பக்கம் உண்டு. அரசமைப்புச் சட்டமே சில கதவுகளை மூடி வைத்திருக்கிறது. அந்தக் கதவு எவ்வளவு தூரம் மூடியது என்பதையும் நீதிமன்றமே சொல்கிறது.

அரசமைப்பின் 262ஆவது பிரிவும் 1956ஆம் ஆண்டின் நதிநீர்த் தாவாச் சட்டத்தின் 11ஆவது பிரிவும் மாநிலங்களுக்கு இடையிலான நீர்த் தாவாவில் உச்ச நீதிமன்றத்தை விலக்குகின்றன. நடுவர் மன்றத் தீர்ப்பு உச்ச நீதிமன்ற ஆணைக்கு நிகர் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இருந்தும், நடுவர் மன்றத் தீர்ப்புக்கு எதிராகச் சிறப்பு அனுமதி பெற்று வரும் மேல்முறையீட்டை அரசமைப்பின் 136ஆவது பிரிவின்கீழ் விசாரிக்கலாம் என்று 2016 டிசம்பரில் காவிரி வழக்கில் நீதிமன்றம் முடிவு செய்தது. அதன் விளைவாக 2018இல் காவிரியில் தமிழ்நாட்டின் பங்கு 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைந்தது.

122ஆவது பிரிவு, நாடாளுமன்ற நடவடிக்கையில் நடைமுறைக் குறை என்று சொல்லி நீதிமன்றம் நுழையக் கூடாது என்கிறது. 2007 ராஜாராம் பால் வழக்கில், நடைமுறைக் குறையை விசாரிக்க மாட்டோம், சட்டமீறலை விசாரிப்போம் என்று அதைச் சுருக்கிவிட்டார்கள். உறுதியாக நின்ற கதவு என்றால் தேர்தல் தொடர்பான 329(ஆ) பிரிவு. நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளுபடியான பொன்னுசாமி வழக்கில் 1952இல் சொன்னது இன்றும் பொருந்துகிறது: தேர்தல் முடியும் வரை காத்திருந்து தேர்தல் மனுதான் போட வேண்டும். இப்போது அது உயர் நீதிமன்றத்தில், முடிவு அறிவித்த 45 நாளுக்குள்.

நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதில் அரசுக்குப் பங்கு கொடுத்த 99ஆவது திருத்தத்தை 2015இல் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்து செய்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன்னைப் பற்றிய வழக்கில் தானே தீர்ப்புச் சொல்லும் நிலை அது. நீதித்துறைச் சுதந்திரம் முக்கியம்தான். ஆனால் இந்த இடத்தில் கட்டுப்பாடு மிக மெலிந்துபோகிறது என்பதே என் கவலை.

நீதிபதியைப் பதவிநீக்கம் செய்வது என்ற வழி காகிதத்தில் கடுமையானது, நடப்பில் நகராதது. தீர்மானத்துக்கு மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையொப்பம், மூவர் குழு விசாரணை, பிறகு ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும். 1993இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீது குழு குற்றம் கண்ட பிறகும், 205 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கியதால் மக்களவையில் தீர்மானம் தோற்றது. எதிர்த்து ஒரு வாக்குக்கூட விழவில்லை.

மணிமொழி:
நன்றி. இன்னும் ஒன்று. 142ஆவது பிரிவில் ‘முழுமையான நீதி’ வழங்க எந்த ஆணையும் இடலாம் என்றிருக்கிறதே, அதற்கு எல்லையே இல்லையா? 2025இல் தமிழ்நாட்டு ஆளுநர் மசோதாக்களைக் கிடப்பில் போட்ட வழக்கில், 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாக அறிவித்தார்கள். பிறகு குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்துக்குக் கேள்வி அனுப்பினாரே, அதனால் அந்தத் தீர்ப்பு போய்விட்டதா?

கரிகாலன்:
142க்கு எல்லை உண்டு. அடிப்படை உரிமைக்கு முரணாக அதைப் பயன்படுத்த முடியாது என்று 1962இல் பிரேம்சந்த் கார்க் வழக்கிலேயே சொல்லியாயிற்று. ஒரு செயலுக்குச் சட்டம் தனி வழிமுறை வகுத்திருந்தால், 142ஐக் காட்டி அதைத் தாண்ட முடியாது என்பது 1998 உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்க வழக்கு. நீதிமன்ற அவமதிப்புக்காக ஒரு வழக்கறிஞரின் உரிமத்தை நீதிமன்றமே நிறுத்தி வைக்க முடியாது, அது வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் வேலை என்றார்கள்.

ஆளுநர் விஷயத்தில் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். 2025 ஏப்ரல் 8 தீர்ப்பு இரு தரப்புக்கு இடையிலான வழக்கில் வந்தது. நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் தந்தது 143ஆவது பிரிவின்கீழ் ஆலோசனைக் கருத்து. ஆலோசனை கேட்பது மேல்முறையீடு ஆகாது என்பது 1991 காவிரிக் கருத்திலிருந்தே வரும் நிலைப்பாடு. ஆகவே பத்து மசோதாக்களின் ஏப்ரல் முடிவை அந்தக் கருத்து நேரடியாக ரத்து செய்யவில்லை. ஆனால் ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, 142ஐக் கொண்டு ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்று அமர்வு சொல்லிவிட்டது. காரணமில்லாமல் நெடுநாள் கிடப்பில் போட்டால், முடிவின் சரி தவறுக்குள் போகாமல் ‘ஒரு முடிவு எடுங்கள்’ என்று மட்டும் உத்தரவிடலாம். இனி வரும் மனுக்களில் கேட்க வேண்டிய நிவாரணமும் அதுதான். ‘ஒப்புதல் தந்ததாக அறிவியுங்கள்’ என்று கேட்டு எழுதினால் இந்தக் கருத்தைக் காட்டித்தான் எதிர்த்தரப்பு வாதத்தைத் தொடங்கும்.