சந்தேகம்: ஒரே டிக்கில் முகவரிப் பெட்டிகள் எல்லாவற்றையும் மூடுவது எப்படி?

புறக்கோட்டைத் தம்பி:
வணக்கம். புறக்கோட்டையில் மாமாவின் துணிக்கடைக்கு இணையப் பக்கத்தில் ஓடர் படிவம் ஒன்று செய்கிறேன். "கடைக்கு வந்து எடுக்கிறேன்" என்று டிக் போட்டால் வீட்டு இலக்கம், வீதி, நகரம், தொலைபேசி நான்கும் மூட வேண்டும். நான்குக்கும் ஒரே ஐடி கொடுத்து, ஐடியை வைத்துப் பெட்டியைத் தேடித் தரும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையான கெட்எலமென்ட்பைஐடி மூலம் டிஸேபிள் செய்தேன், அதாவது எழுத முடியாதபடி மூடினேன். வீட்டு இலக்கம் மட்டும் மூடுகிறது. பிரவுசரில் பிழைகளைக் காட்டும் கொன்சோலில் பிழை எதுவும் இல்லை. நேற்று இரவு முழுக்க இதோடு போய்விட்டது. மாமா புதன்கிழமை பார்க்கக் கேட்டிருக்கிறார்.

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, ஐடி என்பது அடையாள அட்டை இலக்கம் மாதிரி, ஒரு பக்கத்தில் ஒருவருக்குத்தான். அந்தக் கட்டளை முதலில் கண்டதைத் தந்துவிட்டு நின்றுவிடும். அதனால்தான் பிழையும் வரவில்லை. நான்குக்கும் ஒரே கிளாஸ் பெயர் (பலருக்குப் பொதுவாக வைக்கக்கூடிய பெயர்) வைத்து, பொருந்தும் எல்லாவற்றையும் தரும் குவெரிசெலக்டர்ஆல் மூலம் எடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் ஃபோர்ஈச் போட்டு, ஒவ்வொன்றின் டிஸேபிள்டையும் டிக் பெட்டியின் செக்ட் மதிப்புக்கு (டிக் இருந்தால் ட்ரூ, இல்லாவிட்டால் ஃபால்ஸ்) சமமாக்குங்கள். டிக்கை எடுத்தால் தானாகத் திறக்கும், இஃப் நிபந்தனை தேவையில்லை.

ஒன்று கவனம்: ஃபால்ஸை மேற்கோள் குறிக்குள் எழுதிவிடாதீர்கள். மேற்கோள் குறிக்குள் போட்டால் அது வெறும் சரம், அதாவது எழுத்துத் தொடர், ஆகிவிடும். எழுத்து ஒன்றாவது உள்ள எந்தச் சரத்தையும் ஜாவாஸ்கிரிப்ட் "ஆம்" என்றே எடுக்கும், பெட்டி மூடியே கிடக்கும். இதில் நான் ஒரு நாள் முழுக்கத் தவித்திருக்கிறேன்.

வெள்ளவத்தை அண்ணன்:
அக்கா சொன்னது சரி. ஆனால் இந்த வேலைக்கு ஃபோர்ஈச்சே வேண்டாம். நான்கையும் பெட்டிகளை ஒரு குழுவாக்கும் ஃபீல்ட்செட்டுக்குள் வைத்து, அதன் டிஸேபிள்டை மட்டும் மாற்றுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் மூடும். நாளைக்கு மாமா ஐந்தாவது பெட்டி கேட்டாலும் ஸ்கிரிப்டைத் தொட வேண்டியதில்லை. டிக் பெட்டி மட்டும் வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் அதுவும் சேர்ந்து மூடிவிடும், திரும்பத் திறக்க வழியிருக்காது.

புறக்கோட்டைத் தம்பி:
அண்ணா, மூடுகிறது! ஆனால் அனுப்பிப் பார்த்தால் ஓடரில் தொலைபேசி எண்ணைக் காணவில்லை. துணி தயாரானதும் அழைத்துச் சொல்ல அது வேண்டுமே.

கொட்டாஞ்சேனை அக்கா:
டிஸேபிள் செய்த பெட்டி படிவத்தோடு போகாது, அதுதான் விதி. முகவரிக்கு அது நல்லதே, பழைய விலாசம் தப்பிப் போய்ச் சேராது. தொலைபேசியை ஃபீல்ட்செட்டுக்கு வெளியே எடுத்துவிடுங்கள். டிஸேபிளுக்குப் பதில் ரீட்ஒன்லி (பார்க்கலாம், மாற்ற முடியாது) போட்டால் மதிப்பு போகும்தான், ஆனால் ட்ரொப்டவுனிலும் செக்பொக்ஸிலும் அது வேலை செய்யாது.

பக்கம் திறக்கும்போதும், டிக்கைப் பார்த்துப் பெட்டிகளை மூடும் அந்த ஃபங்ஷனை ஒருமுறை ஓட விடுங்கள். ரீலோட் செய்தால் ஃபயர்ஃபாக்ஸ் பழைய டிக்கை அப்படியே வைத்திருக்கும்.

புறக்கோட்டைத் தம்பி:
தொலைபேசியை வெளியே எடுத்தேன், எண் வருகிறது. ரீலோடும் சரி. மிக்க நன்றி அக்கா, அண்ணா. இன்றிரவே மாமாவுக்குக் காட்டுகிறேன்.