சித்தப்பா போனில் புகுந்த போலி அழைப்பிதழ் ஆப்: எப்படி நீக்குவது?

நண்பர்களே, அவசர உதவி. குளச்சலில் என் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பிதழ் என்று ஒரு ஏபிகே கோப்பு (ப்ளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை நிறுவும் கோப்பு) வந்தது. இன்ஸ்டால் ஆனதும் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு ஐகானை மறைத்துவிட்டது. ஓடிபி திருடத்தான் இது. சிம்மைக் கழற்றி, வங்கிக் கணக்கை முடக்கச் சொல்லி, சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அழைத்துவிட்டோம். நல்லவேளை, பணம் போகவில்லை.

செட்டிங்ஸில் ஆப்பின் பெயர் தெரிகிறது, ஆனால் அன்இன்ஸ்டால் பொத்தான் மங்கிக் கிடக்கிறது. அதற்குக் காரணமான டிவைஸ் அட்மின் அனுமதியை (போனை நிர்வகிக்க ஆப்புக்குத் தரும் அதிகாரம்) எடுக்கப் போனால் திரை தானாகவே மூடிக்கொள்கிறது. சேஃப் மோடில் (நாம் நிறுவிய ஆப்கள் இயங்காத நிலை) போய் எடுத்தால் சரியாகுமா? ஃபேக்டரி ரீசெட் செய்தால் மீன் வியாபாரிகளின் எண்கள் எல்லாம் போய்விடும், பேக்கப் இல்லை. போன் ஆண்ட்ராய்டு 9, பாதுகாப்பு அப்டேட் வருவதே நின்றுவிட்டது. தக்கலை, நாகர்கோவில் பக்கம் நம்பிக்கையான சர்வீஸ் ஆள் இருந்தாலும் சொல்லுங்கள்.